மாடல் ரயில் லேஅவுட்டுக்குச் சொந்தமாக லைட் கன்ட்ரோலர்: பாய்ண்ட் மாற்றினால் ஊரே அணைகிறது

ஜங்ஷன்87:

எல்லோருக்கும் வணக்கம். எச்ஓ அளவில், அதாவது 1:87-ல், ஒரு சின்ன ஜங்ஷன் லேஅவுட் வைத்திருக்கிறேன். வண்டி ஓடுவதில் குறை எதுவும் இல்லை, சாதாரண டிசி கன்ட்ரோலர்தான். இப்போது விளக்கு வேலையில் இறங்கியிருக்கிறேன். ஸ்டேஷன் கட்டடம், பிளாட்பார விளக்குகள், கூட்ஸ் ஷெட், ஒரு ஒர்க்‌ஷாப், வரிசையாக வீடுகள், தெருவிளக்குகள் என்று கணக்குப் போட்டால் அறுபது எல்இடிக்குக் குறையாது. பொழுது சாயச் சாய ஒவ்வொன்றாக எரிய வேண்டும், இரவு ஏற ஏற ஒவ்வொன்றாக அணைய வேண்டும். ரெடிமேடாக வாங்க மனமில்லை.

இப்போதைக்கு ஒரு ஆர்டுயினோ நானோ, அதாவது நிரல் எழுதி ஓட்டும் சின்ன கன்ட்ரோலர் போர்டு. ஒவ்வொரு பின்னிலும் 220 ஓம் ரெசிஸ்டர், அதற்கப்புறம் நேராக வெள்ளை எல்இடி. பன்னிரண்டு இணைத்திருக்கிறேன். எரிகிறது. ஆனால் பாய்ண்ட், அதாவது வண்டியைத் தடம் மாற்றும் தண்டவாளப் பிரிவு, அதை மாற்றும் சோலினாய்டு (மின்காந்தச் சுருள்) டக்கென்று அடித்ததும் நானோ ரீசெட் ஆகி, ஊர் மொத்தமும் அணைந்து முதலிலிருந்து எரிய ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு முறையும் இல்லை, பெரும்பாலும். பவர் ஒரு பழைய 16 வோல்ட் ஏசி டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிறது: ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், 1000 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர், பிறகு 5 வோல்ட்டுக்குக் குறைக்கும் 7805 ஐசி. பாய்ண்டுகளுக்கும் அதே பிரிட்ஜிலிருந்துதான் எடுத்திருக்கிறேன். 7805 மேல் விரல் வைக்க முடியவில்லை.

இன்னும் இரண்டு தொல்லை. வீடுகளில் ஜன்னல் மட்டுமல்ல, சுவரே ஒளிர்கிறது. தெருவிளக்கை மெதுவாக ஏற்றினால் தொடக்கத்தில் படிப்படியாகக் குதிக்கிறது, பாதிக்கு மேல் எதுவும் மாறுவதாகவே தெரியவில்லை. அறுபதுக்குப் போக இன்னும் நான்கு நானோ வாங்குவதா, ஒரே நானோவிலிருந்து பல எல்இடியை ஓட்டும் பிசிஏ9685 போர்டு வாங்குவதா?

ஐநூற்றைம்பத்தைந்து:

வீட்டு விளக்கு எரிய ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமா என்று கேட்கிற பழைய ஆள் நான். லெவல் கிராசிங்கில் இரண்டு சிவப்பு விளக்கு மாறி மாறி மின்ன வேண்டுமா? ஒரு 555 டைமர் ஐசி, 10கே, 68கே ரெசிஸ்டர், 10 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் போதும். ஏறத்தாழ நொடிக்கு ஒரு சுற்று வரும். அவுட்புட்டிலிருந்து பிளஸுக்கு ஒரு எல்இடி, கிரவுண்டுக்கு ஒரு எல்இடி, இரண்டுக்கும் தனித்தனி ரெசிஸ்டர். ரீசெட் ஆக அதில் ஒன்றுமே இல்லை. அடுப்பு நெருப்புக்கு, உள்ளேயே சிப் வைத்த மெழுகுவத்தி எல்இடி கிடைக்கிறது. ஆனால் அறுபது விளக்கை வரிசைப்படி ஏற்றி இறக்க வேண்டும் என்றால் 555-ஐ வைத்து முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஈயவாசம்:

கன்ட்ரோலரை ஓரமாக வையுங்கள். பவரில் தொடங்கலாம், உங்கள் தொல்லையில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

16 வோல்ட் ஏசி என்பது ஆர்எம்எஸ், ஏசியின் ஒருவகைச் சராசரி மதிப்பு. பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் உச்ச மதிப்பு, அதாவது 16-ஐ 1.41-ஆல் பெருக்கி வரும் 22.6. அதில் இரண்டு டையோடுக்கு 1.4 போக 21 வோல்ட். லோடு குறைவாக இருந்தால் இன்னும் மேலே நிற்கும். 7805 அதிலிருந்து ஐந்தைக் கொடுத்துவிட்டு மீதி 16 வோல்ட்டைச் சூடாக்கித் தள்ளுகிறது. உங்கள் எல்இடி ஒன்றுக்கு சுமார் 9 மில்லியாம்ப். பன்னிரண்டுக்கு 108, நானோவுக்கும் சேர்த்தால் 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாட் சூடு. ஹீட்ஸிங்க் இல்லாத 7805-க்கு ஒரு வாட்டைத் தாண்டினாலே மூச்சு வாங்கும். அறுபது எல்இடிக்குப் போனால் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

ரீசெட்டுக்கு வருவோம். சோலினாய்டு சுருள் அடிக்கும் கணத்தில் சில ஆம்பியர் இழுக்கிறது. 1000 மைக்ரோபாரட் அதற்கு ஒரு வாய்க்குக் காணாது. 21 வோல்ட் சரிந்து ஏழுக்குக் கீழே வந்தால் 7805-ஆல் ஐந்தைப் பிடித்து வைக்க முடியாது, நானோ படுத்துவிடும். இதை மட்டும் பார்த்துவிட்டுப் பெரிய கெப்பாசிட்டர் போடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் குறையும், தீராது. ஏனென்றால் இரண்டாவது வழி கிரவுண்டு வயர். பாய்ண்டும் நானோவும் ஒரே மெல்லிய கறுப்பு வயரில் திரும்பி வந்தால், அந்த வயர் அரை ஓம் என்றால்கூட, 3 ஆம்பியர் போகும் நேரத்தில் அதில் ஒன்றரை வோல்ட் எழும். நானோவின் ‘பூஜ்ஜியம்’ ஒரு கணம் பூஜ்ஜியமாக இருக்காது. எந்தப் பாய்ண்ட் அடிக்கிறது, அதன் வயர் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதைப் பொறுத்து ரீசெட் வரலாம், வராமலும் போகலாம். நீங்கள் சொன்ன ‘பெரும்பாலும்’ அதனால்தான்.

ஆகவே பழைய டிரான்ஸ்பார்மரைப் பாய்ண்டுகளுக்கே கொடுத்துவிடுங்கள். முடிந்தால் நடுவில் ஒரு கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் போடுங்கள்: 4700 மைக்ரோபாரட் மெதுவாக நிரம்பி, பட்டனை அழுத்தியதும் மொத்தமாகச் சுருளில் கொட்டும். பட்டன் ஒட்டிக்கொண்டாலும் சுருள் கருகாது. ஒவ்வொரு சுருளுக்கும் குறுக்கே 1என்4007 ஒன்று, கோடு போட்ட பக்கம் பிளஸில் இருக்க வேண்டும். ஏசியில் நேரடியாகச் சுருளை ஓட்டுகிறவர்கள் இந்த டையோடைப் போடக் கூடாது, பாதி சைக்கிளுக்கு அது ஷார்ட்டாகிவிடும். உங்களுடையது பிரிட்ஜுக்குப் பிறகு டிசி என்பதால் சரி.

விளக்குகளுக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் டிசி அடாப்டர். நானோவின் 5 வோல்ட்டுக்கு எல்எம்2596 வைத்த பக் மாட்யூல் (அதிகம் சூடாகாமல் வோல்ட்டேஜைக் குறைப்பது), 5.0-க்குத் திருகி வைத்து, மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு அப்புறம் இணையுங்கள். வாங்கும்போது அது எத்தனை வோல்ட்டில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. விளக்குக் கிரவுண்டும் பாய்ண்டுக் கிரவுண்டும் எங்கேயும் சேரக் கூடாது. பிற்பாடு நானோவிலிருந்தே பாய்ண்ட் அடிக்க ஆசை வந்தால் இரண்டு பக்கமும் மின்சாரத்தால் இணையாமல் இருக்க நடுவில் ஆப்டோகப்ளரோ ரிலேயோ வையுங்கள்.

இனி பிரகாசம். இன்றைய வெள்ளை எஸ்எம்டி எல்இடிக்கு 1 மில்லியாம்ப் என்பதே பொம்மை வீட்டுக்கு அதிகம். ரெசிஸ்டர் மதிப்பைக் கணக்குப் போட்டு முடிவு செய்யாதீர்கள், கண்ணை வைத்து முடிவு செய்யுங்கள். 12 வோல்ட், ஒரு 1கே, அதோடு வரிசையில் ஒரு 50கே பொட்டென்ஷியோமீட்டர், பிறகு எல்இடி. எல்இடியை வீட்டுக்குள் வைத்துக் கூரையை மூடுங்கள். அறை விளக்கை, நீங்கள் வழக்கமாக வண்டி ஓட்டும்போது எப்படி வைப்பீர்களோ அப்படி வையுங்கள். குமிழைத் திருகிக்கொண்டே வாருங்கள். ‘விளக்கு எரிகிறது’ என்பது போய் ‘உள்ளே யாரோ இருக்கிறார்கள்’ என்று தோன்றும் ஓர் இடம் வரும். அங்கே நிறுத்தி, பவரை எடுத்துவிட்டு, இரண்டு ரெசிஸ்டரையும் சேர்த்து அளந்து, பக்கத்து மதிப்பைப் போடுங்கள். பெரும்பாலும் 10கே-க்கு மேலேதான் வரும். உங்கள் 220 ஓம் அந்தப் பேச்சிலேயே இல்லை.

சுவர் ஒளிர்வது பிளாஸ்டிக்கின் குணம். உள்பக்கம் முதலில் கறுப்பு பெயின்ட், அது காய்ந்ததும் மேலே வெள்ளை. கறுப்பு ஒளியைத் தடுக்கும், வெள்ளை அறைக்குள் பரப்பும். கூரையும் சுவரும் சேரும் மூலைதான் கடைசி வரை ஒழுகும். உள்ளே கறுப்புக் காகிதப் பட்டை ஒட்டுங்கள். எண்ணெய் விளக்குக் காலத்து வீடு என்றால் வார்ம் ஒயிட்கூட வெளுப்பாகத்தான் தெரியும். எல்இடி முகத்தில் தமியா எக்ஸ்-26 தெளிவு ஆரஞ்சு ஒரு பொட்டு வைத்தால் போதும்.

இப்போது எண்ணிக்கை. உங்களிடம் அறுபது எல்இடி இருக்கிறது, அறுபது சேனல் இல்லை. பிளாட்பாரத்தில் எட்டு விளக்கு என்றால் எட்டும் ஒரே ஸ்விட்சில்தானே எரியும்? அது ஒரு சேனல். தெருவிளக்கு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று. வீட்டுக்கு இரண்டு அறை போதும், மூன்றாவது ஜன்னல் எப்போதும் இருட்டாகவே இருக்கட்டும். எல்லா ஜன்னலிலும் வெளிச்சம் உள்ள ஊர் எங்கேயும் இல்லை. இப்படி எண்ணினால் இருபத்தைந்துக்குள் முடிந்துவிடும். ஒரே சேனலில் எரிபவற்றை மூன்று மூன்றாக வரிசையில் இணையுங்கள். 1 மில்லியாம்பில் வெள்ளை எல்இடி சுமார் 2.7 வோல்ட் எடுக்கும்; மூன்றுக்கு 8.1, கீழே சொல்லப்போகிற ஐசி 0.7 எடுக்கும், மீதி 3.2 வோல்ட்டுக்கு 3.3கே. மூன்று விளக்குக்கு ஒரு விளக்கின் கரண்ட்.

நான்கு நானோ வேண்டாம். ஒன்றுக்கொன்று நேரம் பேச வைப்பதற்குள் உயிர் போய்விடும். பிசிஏ9685 இரண்டு, ஒவ்வொன்றிலும் 16 சேனல், நானோவிலிருந்து ஐ2சி என்ற தகவல் இணைப்புக்கு இரண்டு வயர் மட்டும். வாங்கும்போது எல்லாமே ஹெக்ஸில் 40 என்ற முகவரியில் இருக்கும். இரண்டாவது போர்டில் ஏ0 என்று போட்ட பேடில் ஒரு சொட்டு ஈயம் வைத்தால் 41. அதன் அவுட்புட்டை நேராக 12 வோல்ட் எல்இடியில் கொடுக்க முடியாது, நடுவில் யுஎல்என்2803 வேண்டும், எட்டு சேனலுக்கு ஒன்று. அது கிரவுண்டுப் பக்கம் இழுக்கும் சிப். ஆகவே எல்லா விளக்குக்கும் பிளஸ் பொது, மைனஸ் தனித்தனி. லேஅவுட் முழுக்க ஒரு தடித்த 12 வோல்ட் வயரை ஓட விட்டு, கட்டடத்துக்கு ஒன்றிரண்டு மெல்லிய வயர் இறக்கினால் முடிந்தது. ஐ2சி வயரை மீட்டர் கணக்கில் நீட்டாதீர்கள். நானோவும் இரண்டு போர்டும் ஒரே பலகையில் இருக்கட்டும், நீள வேண்டியவை விளக்கு வயர்கள்.

குதிப்பதற்கும் மருந்து இதுவே. நானோவின் பிடபிள்யூஎம், அதாவது வேகமாக எரித்து அணைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது, 8 பிட், 256 படி. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவது வெளிச்சம் இரட்டிப்பாவது. கண் உடனே பிடித்துவிடும். 200-லிருந்து 201 யாருக்கும் தெரியாது. பிசிஏ9685-ல் 4096 படி. உங்கள் ஏற்றத்தை 0 முதல் 255 வரை எண்ணுங்கள், ஆனால் சிப்புக்கு அனுப்பும்போது எண்ணை அதனாலேயே பெருக்கி 16-ஆல் வகுத்து அனுப்புங்கள். 255-க்கு 4064 வரும். அடியில் நுணுக்கமாக ஏறும், மேலே அகலமாகத் தாண்டும். கண்ணுக்கு ஒரே சீராக இருக்கும். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணை நிரலில் சாதாரண ‘இன்ட்’ (மைனஸும் வரும் எண் வகை) ஆக வைத்தால் நானோவில் 32767-ஐத் தாண்டியதும் மைனஸுக்குப் போய்விடும். 181 வரை அழகாக ஏறிய விளக்கு 182-ல் தாறுமாறாகும். ‘அன்சைன்டு’ (மைனஸ் இல்லாத வகை) ஆக வையுங்கள்.

பிடபிள்யூஎம் வேகத்தை 1000 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்தால் போனில் வீடியோ எடுக்கும்போது கோடு கோடாக ஓடுவது பெருமளவு குறையும்.

மூன்றுவயர்:

ஈயவாசம் சார் சொன்னதில் பவர் பகுதிக்கு என் முழு ஓட்டு. ஆனால் வயரிங்குக்கு நான் டபிள்யூஎஸ்2811 என்ற எல்இடி ஓட்டும் சிப் பக்கம். ஒவ்வொரு சிப்பிலும் மூன்று அவுட்புட், சிப்பை வீட்டுக்குள்ளேயே ஒட்டிவிடலாம். வீட்டுக்கு வீடு போவது பிளஸ், கிரவுண்டு, டேட்டா, அவ்வளவுதான். ஒவ்வொரு சிப்பும் டேட்டாவைப் புதிதாக்கி அடுத்ததற்கு அனுப்புவதால் நீளம் அவ்வளவு தொல்லை இல்லை. சிப் தானாகக் கொடுக்கும் கரண்ட் சுமார் 18 மில்லியாம்ப், அது அதிகம். 5 வோல்ட்டில் ஒவ்வொரு எல்இடியோடும் 1.5கே சேர்த்தால் ஒன்றரை மில்லியாம்ப் பக்கம் இறங்கிவிடும். முதல் சிப்புக்கு முன்னால் டேட்டாவில் 330 ஓம், பவரில் ஒரு 1000 மைக்ரோபாரட். மாடல் ரயில்காரர்களுக்காகவே எழுதப்பட்ட மொபாலெட்லிப் என்ற ஆர்டுயினோ லைப்ரரி இந்தச் சிப்பை வைத்துத்தான் ஓடுகிறது. வீட்டுக்குள் ஆள் நடமாடுவது, வெல்டிங், டிவி எல்லாம் அதில் ரெடியாக இருக்கிறது.

ஈயவாசம்:

வீடுகளுக்கு அது நல்ல வழி, சண்டை இல்லை. ஆனால் டபிள்யூஎஸ்2811 மறுபடி 8 பிட். வீட்டில் விளக்கு பட்டென்று எரிகிறது, படி தெரியாது. மெதுவாக ஏறும் தெருவிளக்குக்கு வேண்டாம். தவிர, வரிசையில் நடுவில் ஒரு சிப் போனால் அதற்கப்புறம் உள்ள தெரு முழுக்க ஊமை. கூரை திறக்கிற மாதிரி வீடு கட்டியவர்கள் தைரியமாகப் போடலாம், ஒட்டி முடித்தவர்கள் யோசிக்கணும்.

ஜங்ஷன்87:

இரண்டு பேருக்கும் நன்றி சார். பவரைப் பிரித்துவிட்டேன், ரீசெட் அடியோடு நின்றுவிட்டது. பொட்டென்ஷியோமீட்டர் வைத்துப் பார்த்ததில் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு 22கே வந்தது, நம்பவே முடியவில்லை. பிசிஏ9685 ஓடுகிறது.

இரண்டு கேள்வி. ஒன்று, நிரலில் ‘டிலே’ (காத்திருக்கும் கட்டளை) போட்டு எழுதியதால் ஒரு விளக்கு ஏறும்போது மற்றதெல்லாம் நிற்கிறது. இரண்டு, இரவு தொடங்க ஒரு பட்டன் வைத்திருக்கிறேன், லேஅவுட்டின் மறுகோடியில். கடைசிப் பாய்ண்டை அடித்தால் யாரும் தொடாமலே இரவு தொடங்கிவிடுகிறது.

ஈயவாசம்:

‘டிலே’யை மொத்தமாக எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சேனலுக்கும் மூன்று எண் வையுங்கள்: இப்போது எவ்வளவு, எங்கே போக வேண்டும், அடுத்த அடி எப்போது. லூப் சுற்றிச் சுற்றி வந்து ‘மில்லிஸ்’ (நானோ தொடங்கி எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்ற எண்) பார்த்து, நேரம் வந்த சேனலை மட்டும் ஓர் அடி நகர்த்தட்டும். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம்.

அந்த ‘அடுத்த அடி எப்போது’ என்பதில்தான் விளக்கின் குணமே இருக்கிறது. குண்டு பல்ப் சுமார் பத்தில் ஒரு நொடியில் ஏறும், அணையும்போதும் அதே மாதிரி கொஞ்சம் இழுக்கும். எல்இடியின் பட்டென்ற வெட்டு அதில் இருக்காது. டியூப்லைட் அப்படி ஏறவே கூடாது. முதலில் மங்கலாக ஒரு துடிப்பு, இருட்டு, இன்னொரு துடிப்பு, கொஞ்சம் நீளமான இருட்டு, இரண்டு வேகமான துடிப்பு, பிறகு ஒரே தாவலில் முழு வெளிச்சம். இடைவெளிகளை ‘ரேண்டம்’ கையில் கொடுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரும். ஒர்க்‌ஷாப்பில் இரண்டு டியூப் வைத்து, ஒன்றுக்கு மட்டும் எப்போதாவது ஸ்டார்ட்டர் பழசான மாதிரி பத்து நொடி திணற விடுங்கள். பார்க்க வருகிறவர்கள் ரயிலை விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பார்கள், எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

சோடியம் தெருவிளக்கு செய்ய ஒரு கம்பத்துக்கு இரண்டு எல்இடி வேண்டும், சிவப்பு ஒன்று, ஆம்பர் ஒன்று. லோ பிரஷர் சோடியம் விளக்கில் முதலில் நியான் எரிவதால் சிவந்து தொடங்கும். சோடியம் ஆவியாகி வரவர மஞ்சளுக்கு மாறும். நிஜத்தில் பல நிமிடம், லேஅவுட்டில் அரை நிமிடமாகச் சுருக்கலாம். எல்லாக் கம்பமும் ஒரே நேரத்தில் மாறினால் பொய்யாகத் தெரியும். கம்பத்துக்குத் தனிச் சேனல் கொடுக்க முடியாவிட்டால் மூன்று குழுவாகவாவது பிரியுங்கள். தெருவிளக்குகள் வெள்ளை எல்இடியாக மாறிய காலத்து லேஅவுட் என்றால் இதெல்லாம் தேவையே இல்லை, பட்டென்று எரியட்டும்.

வரிசைக்குக் கடிகாரம் வேண்டாம். ஸ்டேஷன் முதலில், தெரு அடுத்து. அதற்கப்புறம் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறைந்த இடைவெளி, ஓர் அதிக இடைவெளி, நடுவில் எங்கே என்பது அதன் பாடு. கழிவறை ஜன்னல் இருந்தால் அது மட்டும் இரவு முழுக்க அவ்வப்போது எரிந்து அணையட்டும்.

பட்டனுக்கு வருகிறேன். ‘இன்புட் புல்அப்’, அதாவது பட்டன் அழுத்தாதபோது பின்னை உள் ரெசிஸ்டரால் 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் அமைப்பு, போட்டிருப்பீர்கள். நானோவுக்குள் இருக்கும் அந்த ரெசிஸ்டர் 20கே முதல் 50கே வரை, மிக லேசான பிடி. மறுகோடி வரை போகும் வயர் ஆன்டெனா மாதிரி, பாய்ண்ட் வயரோடு ஒரே கட்டாகப் போகிறது என்றால் கேட்கவே வேண்டாம். வெளியே 2.2கே ஒன்றைப் பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்குப் போடுங்கள், நானோ பக்கத்தில் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் 100 நானோபாரட். பட்டன் வயரையும் அதன் கிரவுண்டையும் முறுக்கி, பாய்ண்ட் வயருக்கு எதிர்ப் பக்கமாகக் கொண்டு போங்கள். நிரலிலும் 30 மில்லிசெகண்ட் தொடர்ந்து அழுத்தியிருந்தால்தான் நம்புவது என்று வையுங்கள். எந்தப் பின்னில் போட்டிருக்கிறீர்கள்?

ஜங்ஷன்87:

டி13.

ஈயவாசம்:

அதை மாற்றிவிடுங்கள். டி13-ல் போர்டின் சொந்த எல்இடி தொங்குகிறது. உள் புல்அப் மட்டும் இருந்தால் அந்த எல்இடி வோல்ட்டேஜைச் சுமார் 1.7-க்கு இழுத்து வைத்திருக்கும். அதனால்தான் கொஞ்சம் சத்தம் வந்தாலே அழுத்தியதாக நினைக்கிறது. டி2 அல்லது டி4-க்குப் போங்கள். ஏ6, ஏ7-க்குப் போய்விடாதீர்கள், நானோவில் அவை இரண்டும் அனலாக் மட்டும், புல்அப்பும் கிடையாது.